குடும்பத்தோடு இங்கிலாந்து: முதல் சம்பளம் வரும் வரை

கோவை, திருப்பூர் பக்கமிருந்து வேலை விசாவில் கிளம்பும் குடும்பங்கள் போடும் கணக்கில் முதல் வரி எப்போதும் விமான டிக்கெட்தான். அதைவிடப் பெரிய தொகை விசா விண்ணப்பத்தோடு வரும் மருத்துவ சர்சார்ஜ், அதாவது அங்கே அரசு மருத்துவ சேவையைப் பயன்படுத்தக் கட்டும் கட்டணம்.

பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776 பவுண்டு. விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் மொத்தமாக முன்பணம், தவணை கிடையாது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 3 வருட விசா என்றால் 10,866 பவுண்டு. பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டரை லட்சம். விசா கட்டணம் தனி. கார்டில் கட்டும்போது மூன்றரை சதவீத மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்கு வங்கி எடுக்கும் கூடுதல் கட்டணம்) விழுந்தால் அதுவே நாற்பதாயிரத்தைத் தாண்டும். லிமிட் பற்றாமல் பாதியில் நிற்பதும் சகஜம். வங்கியிடம் முன்பே பேசி வையுங்கள். கம்பெனி இதைத் தருமா என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். "வந்ததும் பார்த்துக்கலாம்" என்பதை நம்பி நகையை வைக்காதீர்கள்.

அடுத்தது வீடு. இங்கிலாந்தில் டெபாசிட் பொதுவாக 5 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மாதம் 1,200 பவுண்டு வாடகை என்றால் டெபாசிட் சுமார் 1,384; முதல் மாத வாடகையோடு 2,584 கையில் இருந்தால்தான் சாவி. சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். மூன்று மாதச் செலவு கையிருப்பு என்பது எங்கள் கணக்கில் குறைந்தபட்சம்.

இங்கிருந்து செலவுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் ஒருவர் பேரில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடிப்பார்கள். ஒருவரே 15 லட்சம் அனுப்பினால் ஒரு லட்சம் முடங்கும். ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பும். கணவன், மனைவி இருவரும் அவரவர் கணக்கிலிருந்து ஏழரை ஏழரையாக அனுப்பினால் பிடித்தமே இல்லை.

நகைக்கடன் வைத்துப் போகிறவர்கள், ஊரில் இருக்கப்போகும் அப்பாவோ மாமனாரோ பேரில் வையுங்கள். மீட்கவும் புதுப்பிக்கவும் அடகு வைத்தவரே நேரில் வரச் சொல்வார்கள்.

தோட்டம் இருந்தால் பவர் பத்திரத்தைப் புறப்படும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகச் சான்று வாங்கி, பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். வேலைக்குக் கிளம்பிவிட்டால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் என்ஆர்ஐ. இருக்கும் தோப்பை வைத்துக்கொள்ளலாம்; புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. பக்கத்துக் காட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கிரயத்தை முடித்துவிட்டே பெட்டி கட்டுங்கள். சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) ஆக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

பெட்டியில் கிரைண்டருக்கு இடம் இருக்கிறதா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றினால் ஓடும். ஆனால் 23 கிலோ பெட்டியில் பாதியைக் கல்லே பிடித்துக்கொள்ளும். அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய் மட்டும் வேண்டாம்: பால் பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, இறங்கியதும் எடுத்துக்கொள்வார்கள்.