மயிர்க்கால்: சொல்லும் பொருளும்

தோலில் மயிர் முளைக்கும் நுண்குழிவை ஆங்கிலத்தில் ‘ஹேர் ஃபாலிக்கிள்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் மயிர் நுண்ணறை, மயிர்ப்பை, மயிர்ப்புடைப்பு என்று பல பெயர்கள் எழுதப்படுகின்றன. பாடநூல்களுக்காக ஆக்கிய சொற்கள் இவை. இவற்றைத் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. மயிர்க்கால் என்ற சொல் முன்பே நம்மிடம் இருக்கிறது. ‘மயிர்க்கால்தோறும் சிலிர்த்தது’ என்று இன்றும் எழுதுகிறோம்.

ஃபாலிக்கிள் இலத்தீன் வழி வந்தது. ஃபோலிஸ் என்றால் தோல்பை, துருத்தி. அதன் குறுமை வடிவமான ஃபோலிக்குலுஸ் சிறு பையைக் குறிக்கும். உருவத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர் என்பதால்தான் சூலகத்திலும் தைராய்டு சுரப்பியிலும் உள்ள நுண்பைகளுக்கும் அதே பெயர் அமைந்தது. தமிழில் ‘கால்’ என்பது ஒன்று ஊன்றி நிற்கும் அடிப்பகுதி. பந்தற்கால் என்பதில் உள்ள கால் அதுவே. மயிர் ஊன்றி நிற்கும் இடம் மயிர்க்கால்.

மயிர் என்று எழுதச் சிலர் கூசுகிறார்கள். பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் திரிந்ததே காரணம். மானத்தைப் பேசும் குறளில் ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று வள்ளுவர் தயக்கமின்றிச் சொல்கிறார். முடி என்பது உச்சியையும் மகுடத்தையும் குறிக்கும் சொல். தலைமயிருக்கு நன்றாகப் பொருந்தும், கையில் உள்ள மென்மயிருக்கு அவ்வளவு பொருந்தாது. ரோமம் வடமொழி. அறிவியல் எழுத்தில் மயிரை அதன் பெயரால் அழைப்பதே நேர்மை.

இனி, சொல் குறிக்கும் பொருளுக்கு வருவோம். மேல்தோல் உள்நோக்கி மடிந்து அடித்தோலுக்குள் இறங்கிய குழிவே மயிர்க்கால். அதன் அடியில் குமிழ் போன்ற பகுதி உண்டு. அங்கே செல்கள் ஓயாமல் பிளந்து பெருகி, கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. தோலுக்கு வெளியே தெரிவது உயிரற்ற இழை, வெட்டினால் வலிக்காது. பிடுங்கினால் வலிக்கிறது, ஏனெனில் நரம்பு முனைகள் மயிர்க்காலைச் சுற்றியே இருக்கின்றன.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. மயிர்க்கால் மயிரை வளர்ப்பதோடு நிற்பதில்லை. தொடுதலை அறியும் உறுப்பும் அதுவே. ஈட்டிமுனை வடிவ நரம்பு நுனிகள் அதை வேலிபோல் சூழ்ந்துள்ளன. சிற்றெறும்பு ஒன்று மயிரை அசைத்தாலும் இழை நெம்புகோலாகி அந்த நுனிகளை அழுத்துகிறது. நரம்பின் சவ்வில் உள்ள பியசோ2 என்ற புரதத் துளை திறக்கிறது, அயனிகள் உள்ளே பாய்கின்றன, அழுத்தம் மின்குறிப்பாகிறது. பியசோ புரதங்களின் கண்டுபிடிப்பை 2010இல் வெளியிட்ட ஆர்டெம் படபூட்டியன், 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியசுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த நுனிகள் அசைவுக்கே விடை தருகின்றன, அசையாமல் கிடப்பதற்கு அல்ல. அணிந்த ஆடை சற்று நேரத்தில் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். மயிருள்ள தோலில் வேறொரு மெல்லிய நரம்பிழை வகையும் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் இதமாக வருடும்போது அது மிக நன்றாகத் தூண்டப்படுகிறது. உள்ளங்கையில் மயிர்க்கால் கிடையாது. அங்கே மைஸ்னர், மெர்க்கல், பாசினி ஆகியோரின் பெயர் தாங்கிய ஏற்பிகள், அதாவது தூண்டலை உணரும் நுண்ணமைப்புகள், தொடுதலை அறியும் வேலையைச் செய்கின்றன.

மயிர்க்காலோடு ஒட்டிய சிறு தசை சுருங்கும்போது மயிர் நிமிர்கிறது. குளிரிலும் அச்சத்திலும் நேரும் இதைத்தான் மயிர்க்கூச்செறிதல் என்கிறோம்.

மயிர் உதிர்வதையும் மயிர்க்கால் அழிவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. தலையில் ஓர் இழை பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் வளர்கிறது, சில வாரங்கள் சுருங்கும் நிலை, ஏறத்தாழ 3 மாதம் ஓய்வு, பிறகு உதிர்வு. அதே மயிர்க்காலிலிருந்து அடுத்த இழை முளைக்கிறது. பிறக்கும் முன்பே நம் மயிர்க்கால்கள் எல்லாம் உருவாகிவிடுகின்றன.

கூட்டுச்சொற்களுக்கும் மயிர்க்கால் என்ற சொல் இடம் கொடுக்கிறது: மயிர்க்கால் அழற்சி, மயிர்க்கால் ஏற்பி, மயிர்க்கால் தசை. சூலகத்திலும் தைராய்டிலும் இருப்பவற்றுக்கு நுண்பை என்பதே போதும்.