மருந்தடித்தது எப்போது என்று கேட்டுவிட்டுப் புல் அறுங்கள்

குமரி மாவட்டத்தில் மேய்ச்சல் தரை என்று தனியாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வாழை விளையின் ஓரம், வயல் வரப்பு, ரப்பர் மரங்களுக்கு இடையே முளைக்கும் களை, இவைதான் நம் மாடுகளுக்கு மேய்ச்சல். பூச்சிமருந்து விழும் இடத்திலேயே மாடும் மேய்கிறது. கால்நடை மருத்துவராக எனக்கு இதுதான் கவலை.

மாடு விஷத்தை மொத்தமாகத் தின்றால் உடனே தெரிந்துவிடும். வாயில் நுரை தள்ளும், கழிச்சல் எடுக்கும், உடல் நடுங்கும். விஷமுறிவு ஊசியான அட்ரோபினோடு ஓடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் தெரியாது. பால் குறையாது, மணமும் மாறாது. கொழுப்பில் கரையும் மருந்துகள் பாலின் கொழுப்போடு வெளியே வரும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. அந்தப் பாலில் வெண்ணெய் எடுத்து உருக்கினால் நெய்யில் இன்னும் செறிவாகச் சேரும்.

பீதி வேண்டாம். 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் ஒன்றே ஒன்றில்தான் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. ஆனால் பால் சங்கத்தில் பல வீட்டுப் பால் ஒன்றாகக் கலப்பதால், ஒரு வீட்டுப் பாலில் எச்சம் இருந்தாலும் நீர்த்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கறந்து கொடுக்கும் ஒற்றை மாட்டுப் பாலுக்கு அந்த வசதி இல்லை.

தொழுவங்களில் என்னைப் பதறவைப்பது, உண்ணிக்கு வயல் மருந்தைத் தேய்ப்பது. வாழைக்கு அடித்து மிச்சம் வைத்ததைத் தண்ணீரில் கலக்கி, பழைய துணியில் நனைத்து, காது மடல், தாடை, மடி இடுக்கு என்று தேய்த்துவிடுகிறார்கள். தோல் வழியாகவும் போகும், மாடு நக்கியும் போகும். மடியில் பட்டது கறக்கும்போது நேராகப் பாலில் சேரும். தயவுசெய்து செய்யாதீர்கள். மாட்டுக்கென்றே உண்ணி மருந்து இருக்கிறது. கறவை மாட்டுக்கு எது ஆகும், எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பால் தரும் மாட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அப்புறம் வாழைத்தண்டு. குலை வெட்டியபின் நறுக்கிப் போடுவது நல்ல பழக்கம்தான். காற்றில் பாதியில் சாய்ந்த வாழை அப்படியல்ல. மரத்தின் அடிமூட்டில் போட்ட குருணை மருந்தை வேர் உறிஞ்சித் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றியிருக்கும். கடைசியாகக் குருணை போட்டது எப்போது என்று விளைக்காரரிடம் கேட்காமல் அதை மாட்டுக்குப் போடாதீர்கள்.

வரப்புப் புல்லுக்கும் அதே கேள்விதான். மருந்தடித்தவர் ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி, தேதியையும் எழுதி வைத்தால், புல்லறுக்க வருகிறவர் வேறு வரப்புக்குப் போய்விடுவார்.