‘பொறுப்புடைமை’ வேண்டாம், ‘வகைசொல்லல்’ இருக்கிறது

பாதுகாப்பு, பொலிஸ் விடயங்களில் அரசாங்கம் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதைத் தமிழில் எழுத வரும்போதெல்லாம் ‘பொறுப்புடைமை’ என்ற சொல் வந்து விழுகிறது. திருகோணமலையில் அண்மையில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையிலும் அதேதான். கையில் தந்த துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு ‘பாதுகாப்புத் துறையின் பொறுப்புடைமையும் கண்காணிப்பும்’. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அதை வாசித்துவிட்டு, “எங்களைக் கண்காணிக்கிறதைப் பத்தியா தம்பி கதைக்கப்போறாங்க?” என்று கேட்டார். அவர் வாசித்தது சரி. எழுதியவர் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர். கண்காணிப்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் பொறுப்புடைமை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பொறுப்புடைமை’ மொழிபெயர்க்க வருவது ஆங்கிலத்தின் ‘அக்கவுண்டபிலிட்டி’யை; அது கணக்கு என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. எண்ணிக் கணக்கிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக அங்கே போயிற்று. ‘ரெஸ்பொன்சிபிலிட்டி’யின் வேரும் லத்தீன்தான்; அது மறுமொழி சொல்லும் வினை. ஆக, ஒருவர் கேட்பதும் மற்றவர் சொல்வதும் இரண்டுக்குள்ளும் இருக்கிறது. தமிழின் ‘பொறுப்பு’ வேறு குடும்பம். பொறு என்றால் சும, தாங்கு. பொறுமையும் பொறையும் அதன் பிள்ளைகள். நல்ல சொல்தான், ஆனால் அதற்குள் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. அதற்குப் பதிலாக நான் முன்வைக்கும் சொல் ‘வகைசொல்லல்’. ‘வகை’ என்பது கூறு, பிரிவு. வகைசொல்லுதல் என்றால் ஒன்றைக் கூறுகூறாகப் பிரித்து, எது எங்கே போனது, ஏன் போனது என்று கேட்டவருக்கு விளங்கச் சொல்வது.

‘பொறுப்பு’ நம் வாயில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். பொலிஸ் நிலையத்தை நடத்துபவர் பொறுப்பதிகாரி. வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி, களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் என்கிறோம். ஒன்றுக்குப் பொறுப்பு என்றால் அது அவர் கையில் இருக்கிறது, அவர் சொன்னபடி நடக்கும் என்று அர்த்தம். இப்போது ‘பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பு’ என்று எழுதிப் பாருங்கள். பாராளுமன்றம் அமைச்சரின் கைக்குள் போய்விடுகிறது. யார் யாருக்குக் கீழே என்பதே தலைகீழாகிறது.

இது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. மாகாண சபைகளை உருவாக்கிய, 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி, மாகாணத்தின் பிரதிப் பொலிஸ் மாஅதிபர் பொது ஒழுங்கைப் பேணும் விடயத்தில் முதலமைச்சரின் கட்டுப்பாட்டில் இருந்து அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பொலிஸ் அதிகாரம் இன்றுவரை மாகாணத்துக்கு வரவில்லை என்பது தனிக்கதை. ஆனால் இந்த ஏற்பாட்டை விளக்கும் தமிழ்க் கட்டுரைகளில் ‘பிரதிப் பொலிஸ் மாஅதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்பாக இருப்பார்’ என்று வாசிக்கிறோம். முதலமைச்சரைக் கவனித்துக்கொள்ள ஒரு பொலிஸ் அதிகாரியை நியமித்ததுபோல் இருக்கிறது. கிழக்கு மாகாண சபை இருப்பது எங்கள் ஊரான திருகோணமலையில். இந்த வசனத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டியவர்களில் முதல் ஆட்கள் நாங்கள்.

‘பொறுப்புடைமை’ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது என்று அதை விரும்புபவர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் புழங்குகிறது, ஒரே சொல்லாக இருக்கிறது, தலைப்புக்கு அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகாக இருக்கிறதுதான். ஆனால் ‘உடைமை’ என்ற ஈறு தமிழில் என்ன வேலை செய்கிறது? அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, பண்புடைமை. ஒருவரிடம் இருக்கும் நற்குணத்துக்குப் பெயர் வைக்கிறது. அப்படியானால் பொறுப்புடைமை என்பது பொறுப்பானவராக இருக்கும் குணம். ஓர் அமைச்சர் எழுந்து ‘நான் பொறுப்புடையவன்’ என்று சொன்னால் எதைக் கொண்டு மறுப்பது? கேட்பவர் யார் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை. எதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் இடமில்லை. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இல்லை. குடிமக்களின் உரிமையாக இருக்க வேண்டிய ஒன்றை ஆட்சியாளரின் நல்ல மனதாக அந்த ஈறு மாற்றிவிடுகிறது. எனக்கு அதில்தான் கோபம்.

‘வகைசொல்லல்’ அப்படியில்லை. அதை வசனத்தில் வைத்தவுடன் யாருக்கு, எதைப் பற்றி என்ற கேள்விகள் தாமாக எழும். ‘பாதுகாப்பு அமைச்சர் இந்தச் செலவு பற்றிப் பாராளுமன்றத்துக்கு வகைசொல்ல வேண்டும்.’ திசை மாறாது. இது நான் செய்த சொல்லும் அல்ல. எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்து முடிப்பார். பின்வரிசையில் ஒருவர் எழும்பி, “வலை வாங்கின காசுக்கு வகை சொல்லுங்கோ” என்பார். பொருளாளர் நல்லவர் என்பது அங்கே பேச்சே இல்லை. பற்றுச்சீட்டை எடுத்து, எந்தக் கடை, எத்தனை கிலோ, ஏன் அந்த விலை என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கணக்கறிக்கையை ஏற்க ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார்.

பாராளுமன்றத்திலும் இதே முறைதான். வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் ஓர் அமைச்சின் செலவுத் தலைப்பு வரும்போது, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து அந்த ஒதுக்கீட்டில் 10 ரூபாவைக் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். பாதுகாப்பு அமைச்சின் தலைப்புக்கும் அதே 10 ரூபாதான். அதைக் குறைப்பது நோக்கமில்லை. அந்தப் பிரேரணை வந்தால்தான் விவாதம் தொடங்கும், அமைச்சர் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்ல வேண்டிவரும். இங்கிலாந்தில் 1689இன் உரிமைச் சட்டம், பாராளுமன்றத்தின் சம்மதமில்லாமல் சமாதான காலத்தில் படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்றது. படைக்குக் காசு வேண்டுமா, சபைக்கு வந்து கணக்குச் சொல் என்ற மரபு அங்கிருந்துதான் எங்களுக்கும் வந்தது.

அவசரகாலச் சட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அவசரகாலப் பிரகடனத்தைப் பாராளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகும், நீடிப்பதானால் மாதத்துக்கு மாதம் வரவேண்டும் என்கிறது 1978 அரசியலமைப்பு. 2011 ஓகஸ்டில் அவசரகாலம் முடிவுக்கு வரும்வரை இங்கே பல வருடங்கள் மாதாமாதம் அந்த விவாதம் நடந்தது. திருகோணமலை உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தன் உட்படத் தமிழ் உறுப்பினர்கள் அந்த மேடையில்தான் எங்கள் ஊரின் சுற்றிவளைப்புகளையும் கைதுகளையும் பெயர் சொல்லிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். வாக்கெடுப்பில் தோற்றாலும் கேள்வி பதிவானது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு அந்த மாதாந்தக் கேள்வியே கிடையாது. 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒன்றில் அரசாங்கம் மாதாமாதம் சபைக்கு வந்து நின்றது, மற்றதில் வரத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தை ‘பொறுப்புடைமை’ என்ற சொல்லால் எப்படிச் சொல்வது? இரண்டிலும் அரசாங்கம் பொறுப்புடையதுதான் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம்.

பழைய சொற்களும் உண்டு. ‘உத்தரவாதம்’ முன்பு இதே பொருளில் புழங்கியது. உத்தரம் என்றால் பதில். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல்லும் ‘கணக்கொப்புவித்தல்’ என்பதும் இந்தக் கருத்துக்கே வருகின்றன. ஆனால் இன்றைக்கு உத்தரவாதம் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குத் தரும் உத்தரவாத அட்டைதான் ஞாபகம் வரும். அதை மீட்க முடியாது. கணக்கொப்புவித்தல் எனக்குப் பிடித்த சொல்தான், நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ‘பொறுப்புக்கூறல்’? ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி நிறைவேற்றிய 2015இன் ஜெனீவாத் தீர்மானத்தோடும் அதற்கு முந்திய ஐ.நா. அறிக்கைகளோடும் அது எங்கள் பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பதாகையில் எழுதிப் பிடிக்கும் சொல் அது. அதை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. ‘கூறல்’ என்ற செயல் அதில் இருப்பதால் பொறுப்புடைமையைவிடப் பல மடங்கு நல்லது. ஒரேயொரு குறை. ‘பொறுப்புக் கூறினார்’ என்பதை ‘பொறுப்பை ஏற்றுக்கொண்டார்’ என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஏற்றுக்கொண்டால் போதும், விளக்கம் வேண்டியதில்லை என்றாகிவிடும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கை வந்தது ஏப்ரல் 4ஆம் திகதி. அந்தக் கடதாசி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எங்கே நின்றது? தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரும் பொலிஸ் மாஅதிபரும் ஏன் அழைக்கப்படவில்லை? பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையிலான பாராளுமன்றத் தெரிவுக்குழு பாதுகாப்புச் செயலாளரையும் பொலிஸ் மாஅதிபரையும் ஊடகங்களின் முன் உட்கார வைத்து இவற்றைக் கேட்டது. அப்போதைய ஜனாதிபதி அந்த விசாரணையை எதிர்த்தார். பாதுகாப்பு அமைச்சரும் அவரே. சபையில் உறுப்பினராக இல்லாத ஒருவர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தால் சபையில் எழுந்து யார் வகைசொல்வது என்பது 1978இலிருந்து எங்களோடு இருக்கும் சிக்கல். அதற்கு முந்திய சோல்பரி அரசியலமைப்பில் பாதுகாப்புப் பிரதமரிடம் இருந்தது, பிரதமர் சபையில் இருந்தார்.

வகைசொல்லலும் குற்றத் தீர்ப்பும் வேறு என்பதையும் இந்தச் சொல் தெளிவாக்கும். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலை 3ஆம் திகதி போதிய சாட்சியம் இல்லையென்று நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். நீதிமன்றம் கேட்டது, இந்த ஆட்கள்தான் செய்தார்களா என்று. காவலரண்களால் சூழப்பட்ட கடற்கரையில் அன்று மாலை எந்த அணி கடமையில் இருந்தது, யார் கட்டளை, சாட்சிகள் ஏன் நாட்டைவிட்டு ஓட வேண்டிவந்தது என்பவை அரசாங்கம் மக்கள் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டிய வகை. வழக்கு முடிந்ததால் அந்தக் கடன் தீராது.

வகைசொல்லாவிட்டால் விளைவு உண்டு என்பதற்கும் இப்போது முன்னுதாரணம் இருக்கிறது. உயர் அதிகாரிகளைப் பதவி நீக்கும் நடைமுறையைச் சொல்லும் 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விசாரணைக்குழு அமைத்து, 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி 177 வாக்குகளால் ஒரு பொலிஸ் மாஅதிபரைப் பாராளுமன்றம் பதவி நீக்கியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. இலங்கையில் இது முதல் தடவை.

இனி ‘கண்காணிப்பு’. கண்காணி என்ற சொல் மலையகத்தில் கங்காணி ஆனது; நின்று பார்த்து வேலை வாங்குபவர். வடகிழக்கில் அதன் நிறம் இன்னும் கறுத்துவிட்டது. நினைவேந்தலுக்குப் போனால் தூரத்தில் மோட்டார் சைக்கிளில் நின்று பெயர் குறிப்பவரின் வேலைதான் எங்களுக்குக் கண்காணிப்பு. ‘பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பு’ என்று எழுதினால் அந்த அம்மா விளங்கிக்கொண்டபடிதான் எவரும் விளங்கிக்கொள்வார்கள். ‘இன்’ என்ற உருபு யார் செய்வது, யார்மேல் செய்வது என்று சொல்வதில்லை. ‘பாதுகாப்புத் துறை மீதான பாராளுமன்ற மேற்பார்வை’ என்று எழுதினால் சிக்கல் போயிற்று. பாராளுமன்றமே ‘துறைசார் மேற்பார்வைக் குழு’ என்றுதான் சொல்கிறது. இருக்கும் சொல்லைத் தேடிப் பார்க்காமல், கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பிரதியை ஒரே இரவில் சொல்லுக்குச் சொல் மாற்றி அச்சுக்கு அனுப்பும் பழக்கம்தான் இதையெல்லாம் செய்கிறது. அச்சடித்த பிறகு, இந்த மக்களுக்கு அரசியல் விளங்கவில்லை என்று அவர்களே குறைபடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அனுப்புமுன் வசனத்தை ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் என்ன விளங்கினார் என்று கேளுங்கள்.

பயன்படுத்துவோருக்கு: வினையாகவே எழுதுங்கள், அதுதான் தெளிவு. ‘பொலிஸ் மாஅதிபர் பாராளுமன்றத்துக்கு வகைசொல்ல வேண்டியவர்.’ பெயராக வேண்டுமானால் ‘வகைசொல்லல்’. சட்டக் கடமையை வலியுறுத்த ‘வகைசொல்லும் கடப்பாடு’. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே பொலிஸைக் கேட்க இங்கே மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. மாகாண சபைத் தேர்தல் பற்றி எழுதுகிறவர்கள் ‘பொலிஸ் யாருக்குப் பொறுப்பு’ என்று தலைப்பிடாமல், ‘பொலிஸ் யாருக்கு வகைசொல்வது’ என்று எழுதட்டும்.