ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

ஃப்ளஷ் மெதுவாகப் போகிறது என்று கூப்பிடும் வீடுகளில், குளியலறை மூலையில் காலியான ஆசிட் பாட்டில் ஒன்றைப் பெரும்பாலும் பார்க்கிறேன். அடைப்புதான் என்று முடிவு கட்டி ஊற்றியிருப்பார்கள். ஆனால் நான் சரிசெய்த கழிப்பறைகளில் பலவற்றில் அடைப்பே இருந்ததில்லை. கோப்பைக்குள் தண்ணீர் போதிய வேகத்தில் இறங்காததுதான் கோளாறு.

கோப்பைக்குப் பின்னால் ஒரு வளைந்த பாதை இருக்கிறது. அதில் எப்போதும் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாடை வீட்டுக்குள் வருவதில்லை. ஃப்ளஷ் செய்யும்போது அந்த வளைவைத் தாண்டிக் கழிவைத் தள்ள, தண்ணீர் மொத்தமாக வந்து விழ வேண்டும். சில நொடிகளில் விழுந்தால் 6 லிட்டரே போதும். அதுவே மெல்ல ஒழுகினால் 10 லிட்டர் வந்தாலும் ஒன்றும் நகராது.

அதனால் முதலில் ஒரு சோதனை. வாளியில் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் பிடித்து, கோப்பைக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டு போனால் கீழே வழி திறந்திருக்கிறது. கோளாறு டேங்கிலோ கோப்பையின் விளிம்பிலோ இருக்கிறது. தண்ணீர் மேலேறி நின்று மெல்ல வடிந்தால் கீழே அடைப்பு. கோப்பை ஏற்கெனவே நிறைந்து நின்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தரையெல்லாம் வழியும்.

சரி, கோளாறு மேலே என்று தெரிந்துவிட்டது. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் நிற்கும் வழிகுழாயின் (தண்ணீர் மிஞ்சினால் கோப்பைக்குள் வடிக்கும் குழாய்) வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் மிதவையைச் சற்று உயர்த்துங்கள். பிறகு, அடியில் உள்ள ரப்பர் மூடியைத் தூக்கும் சங்கிலி. அது தளர்ந்து தொங்கினால் மூடி பாதிதான் எழும், உடனே விழுந்து அடைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் மூன்று பாட்டில் ஆசிட் ஊற்றியும் சரியாகவில்லை என்றார்கள். நான் செய்ததெல்லாம் சங்கிலியை இரண்டு வளையம் தள்ளி மாட்டியதுதான். தண்ணீர் மிச்சமாகட்டும் என்று டேங்குக்குள் செங்கல்லோ பாட்டிலோ போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த அளவு தண்ணீர் குறைந்தால் சில கோப்பைகளில் கழிவு போகாது. அப்புறம் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும்.

டேங்கில் எல்லாம் சரியென்றால் விளிம்பைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளில் சுண்ணாம்பு படிந்து ஒவ்வொன்றாக அடைபடும். பல ஆண்டுகளில் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. சிறு கண்ணாடியை அடியில் பிடித்தால் தெரிந்துவிடும். தண்ணீர் வரும் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டு, வெதுவெதுப்பான வினிகரை வழிகுழாய்க்குள் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கம்பியால் துளைகளை மெதுவாகக் குத்தினால் படிவு உதிரும்.

அடைப்பு கீழே என்றால் பிளஞ்சர், அதாவது கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம், போதும். ரப்பர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். முதல் அழுத்து மெதுவாக இருக்கட்டும், உள்ளிருக்கும் காற்று வெளியேறும். பிறகு விடாமல் பதினைந்து இருபது முறை. ஆனால் குழந்தை பொம்மையோ டூத்பிரஷ்ஷோ விழுந்ததாகச் சந்தேகம் இருந்தால் அழுத்தாதீர்கள், இன்னும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கொதிக்கும் நீரும் வேண்டாம், பீங்கான் விரிசல் விடலாம்.

ஆசிட் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. முன்பு ஊற்றிய பிளீச்சிங் கரைசல் கோப்பையில் மீதம் இருக்கும்போது அதன்மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சிறிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும். ஊற்றிய ஆசிட் தேங்கி நிற்பது தெரியாமல் ஒருமுறை பிளஞ்சர் போட்டேன். தெறித்து முழங்கை வரை வெந்துபோனது. ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால், வேலைக்கு வருபவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழிப்பறையோடு வாஷ்பேசினும் குளியலறைத் தரையும் மெதுவாக வடிந்தால், ஃப்ளஷ் செய்யும்போது வேறு குழாய்களில் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால், அது கோப்பையின் கோளாறு அல்ல. மாடிக்கு மேலே போகும் காற்றுக்குழாயில் இலையோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம், பிரதானக் குழாயில் அடைப்பு இருக்கலாம், செப்டிக் டேங்க் நிறைந்திருக்கலாம். செப்டிக் டேங்கை நீங்களே திறந்து குனிந்து பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு வாடையை உணரும் திறனையே இழந்துவிடும். வாடை இல்லையே என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். உறிஞ்சும் லாரியை வரவழைத்து வெளியிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.