பிரிந்து வாழ்ந்தவரா, விவாகரத்து பெற்றவரா? குடும்ப ஓய்வூதியம் கேட்கும் முதல் கேள்வி

அரசு ஊழியர் இறந்த பிறகு வரும் குடும்ப ஓய்வூதியத்தை அவர் விட்டுச்சென்ற சொத்து என்றே பல குடும்பங்கள் நினைக்கின்றன. உயில் எழுதி வைத்திருக்கிறார், நாமினியாக என் பெயர்தான் இருக்கிறது, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது நான்தான் என்று ஆளுக்கொரு காகிதத்தோடு வருவார்கள். ஓய்வூதிய வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞன் என்ற முறையில் அவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது இறந்தவர் கொடுக்கும் பணம் அல்ல, விதி கொடுக்கும் பணம் என்பதைத்தான். ரயில்வே ஊழியர் ஒருவரின் உயிலைக் காட்டி அவருடைய சகோதரர் உரிமை கோரிய வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தில் சேராது, அதை உயில் மூலம் யாருக்கும் எழுதிவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஊழியர் இறந்த அன்று சட்டப்படி அவருடைய மனைவி யார், கணவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்வது பெரும்பாலும் மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளை, அதாவது 2004-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கான பழைய திட்டத்தை வைத்து. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டு விதிகள் தனியாக உள்ளன. அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான் என்றாலும் தொகையும் வரம்புகளும் மாறும்.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் குடும்ப ஓய்வூதியம். குறைந்தபட்சம் 9,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் முதல் பத்தாண்டு மாதம் 30,000, அதன்பின் 18,000. கைம்பெண்ணுக்கு, பொதுவாக மறுமணம் செய்யாதவரை, இது ஆயுள் முழுவதும் வரும். விவாகரத்துப் பேச்சுவார்த்தையில் நகைக்கும் பாத்திரத்துக்கும் பட்டியல் போடுகிறவர்கள் இந்தத் தொகையை மட்டும் கணக்கில் எடுப்பதே இல்லை.

விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான அன்று மனைவி ‘குடும்பம்’ என்ற வரையறையிலிருந்து வெளியேறிவிடுகிறார். இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் முன்னாள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. அமெரிக்காவில் மணமுறிவின்போது ஓய்வூதியத்தையே நீதிமன்றம் பங்கு பிரித்துக் கொடுக்க முடியும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. கணவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய ஓய்வூதிய வருமானத்தைக் காட்டி ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்தை நம்பியிருக்கும் பெண்ணுக்கு, அவர் இறந்ததும் அந்த வரவும் நிற்கும், குடும்ப ஓய்வூதியமும் இல்லை. அதனால் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வரும் அரசு ஊழியர்களின் மனைவியரிடம், நிரந்தர ஜீவனாம்சமாக ஒரே தவணையில் பெறும் தொகையைப் பேசும்போது, இழக்கப்போகும் குடும்ப ஓய்வூதியத்தின் மதிப்பையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன். சிலருக்கு விவாகரத்தே வேண்டாம், நீதிமன்றப் பிரிவு, அதாவது திருமணத்தை முறிக்காமல் தனித்து வாழ நீதிமன்றம் தரும் ஆணை, மட்டும் போதும் என்றும் சொல்வதுண்டு. நீதிமன்றப் பிரிவு பெற்றவர் சட்டப்படி இன்னும் மனைவியே. தகுதியுள்ள பிள்ளை இருந்தால் ஓய்வூதியம் முதலில் பிள்ளைக்குப் போய், பிறகு அவருக்கு வரலாம். அவருடைய முறைதவறிய உறவைக் காரணமாகக் காட்டி அந்தப் பிரிவு வழங்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த வழியும் அடைபடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பதினைந்து ஆண்டுகளாகத் தாய்வீட்டில் இருந்த பெண், கணவர் முகத்தைக்கூடப் பார்க்காதவர், தீர்ப்பு வராதவரை மனைவிதான். பரஸ்பர சம்மத மனு நிலுவையில் இருக்கும்போது கணவர் இறந்தால் அவர் கைம்பெண். குடும்ப ஓய்வூதியம் அவருக்கே. இதைக் கேட்டுக் கொதிக்கும் மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் புரிகிறது, விதி மாறாது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ‘தீர்த்துவிட்டது’ என்று பத்திரத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதங்கள்தான் எனக்கு மிகுந்த எரிச்சலைத் தருபவை. நோட்டரி முத்திரை இருந்துவிட்டால் அது விவாகரத்து ஆகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இந்து திருமணச் சட்டம் வழக்காற்று மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்தது என்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும், அது லேசில் நடக்காது. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்துகொண்ட ஊழியரின் இரண்டாவது மனைவி, முப்பது ஆண்டு குடித்தனம் நடத்திய பிறகு, செல்லாத திருமணத்தின் மனைவியாகக் கருவூலத்தின் முன் நிற்கிறார். பின்னாளில் முதல் மனைவி இறந்துபோனாலும் அந்தத் திருமணம் தானாகச் செல்லுபடியாகிவிடாது. இரண்டாவது மனைவியின் பிள்ளைகளுடைய நிலை வேறு. செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களும் சட்டப்படி முறையான பிள்ளைகளே. குடும்ப ஓய்வூதியத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஒரு பீகார் வழக்கில் உறுதி செய்தது. தாய்க்கு இல்லை, பிள்ளைக்கு உண்டு என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்ப்பது கடினம்.

முறைப்படி விவாகரத்து பெற்று மறுமணம் செய்தவர்களின் வீட்டிலும் ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. முதல் மனைவிக்கு உரிமை போய்விட்டது, ஆனால் அவர் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் போகவில்லை. தாய் விவாகரத்து ஆகாமல் இருந்திருந்தால் அவருக்கு எந்தப் பங்கு வந்திருக்குமோ, அது தகுதியுள்ள பிள்ளைக்குப் போகும். அதாவது இப்போதைய மனைவிக்குப் பாதி, முதல் மனைவியின் பிள்ளைக்குப் பாதி. பிள்ளைக்கு 25 வயதாகும்வரை, அல்லது திருமணமோ சொந்த வருமானமோ வரும்வரை. இந்தப் பிள்ளையின் பெயரைக் குடும்ப விவரப் படிவத்திலிருந்து நைசாக விட்டுவிடும் அப்பாக்கள் இருக்கிறார்கள். படிவத்தில் பெயர் இல்லாததால் உரிமை அழிந்துவிடாது. பிறப்புச் சான்றிதழோடு போராடிப் பெற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்புகளையும் சொல்ல வேண்டும். தவறான முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பி, மனைவி வராமலேயே கணவர் விவாகரத்து வாங்கிவிடுவார். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் அந்தப் பெண்ணுக்கே விஷயம் தெரியும். கணவர் இறந்துவிட்டாரே, இனி யார்மீது வழக்குப் போடுவது என்று ஒதுங்கிவிட வேண்டாம். கணவர் இறந்த பிறகும் அத்தகைய தீர்ப்பை நீக்கக் கோரி மனைவி மனு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி மகள்கள். விவாகரத்து பெற்ற மகளுக்கு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்ற செய்தி பரவிய அளவுக்கு அதன் நிபந்தனை பரவவில்லை. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது விவாகரத்து கிடைத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் நீதிமன்றத்தில் மனுவாவது தாக்கலாகி இருக்க வேண்டும். 2017-ல் வந்த தளர்வு இது. அதற்கு முன் தீர்ப்பே வந்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. ஆகவே மனு தாக்கல் செய்த தேதி ஆயுள் முழுவதற்குமான வருமானத்தைத் தீர்மானிக்கும். மகள் வீட்டோடு வந்து எட்டு ஆண்டு ஆகிறது, ஊர் என்ன சொல்லுமோ என்று கோர்ட்டுக்குப் போகவில்லை என்று சொல்லும் ஓய்வூதியர்களிடம் நான் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

பெண் ஊழியர்களுக்கு 2024 ஜனவரியில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தாலோ, கணவர்மீது குடும்ப வன்முறைச் சட்டம், வரதட்சணைத் தடைச் சட்டம் போன்றவற்றின் கீழ் வழக்கு இருந்தாலோ, குடும்ப ஓய்வூதியத்தைக் கணவருக்கு முன்னதாகத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குத் தரும்படி அந்தப் பெண் தன் அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்கலாம். அடிக்கும் கணவனுக்கே தன் ஓய்வூதியமும் போகும் என்ற கொடுமைக்கு இது விடை. எழுதிக்கொடுத்தால்தான் உண்டு, வழக்கு நடக்கிறது என்பதால் தானாக நடக்காது.

பணிக்காலக் கணக்குக்கு வருகிறேன். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம், அதாவது கணக்கில் சேரும் பணிக்காலம், தேவை. முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2006-லேயே போய்விட்டதால், சில ஆண்டுகள் விடுபட்டாலும் பரவாயில்லை என்ற மெத்தனம் வந்திருக்கிறது. பணிக்கொடையில் அந்த மெத்தனம் கடிக்கும். பணியில் இறந்தவரின் பணிக்காலம் 5 ஆண்டு முதல் 11 ஆண்டுக்குள் என்றால் இறப்புப் பணிக்கொடை 12 மாதச் சம்பளம். 11 ஆண்டைத் தொட்டுவிட்டால் 20 மாதச் சம்பளம். மருத்துவச் சான்று இல்லாத அசாதாரண விடுப்பும் (சம்பளமில்லா விடுப்பு) ‘பணியற்ற காலம்’ என்று முத்திரை குத்தப்பட்ட நாட்களும் பொதுவாகக் கணக்கில் சேராது. குடும்பச் சண்டையில் மனமுடைந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓராண்டு வராமல் இருந்தவரின் குடும்பம் அதனால் எட்டு மாதச் சம்பளத்தை இழக்க நேரலாம்.

ராஜினாமா இன்னும் மோசம். மணமுறிவுக்குப் பின் சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் வேலையை விட்டுவிட்டு, வேறொரு துறையில் தேர்வெழுதிச் சேரும் பெண்கள் இருக்கிறார்கள். ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதிய ஒற்றை வரி முந்தைய பணிக்காலம் முழுவதையும் அழித்துவிடும். அதே புதிய வேலைக்குத் துறை வழியாக விண்ணப்பித்து, உரிய அனுமதியோடு, அதில் சேர்வதற்காகவே விலகுகிறேன் என்று எழுதியிருந்தால் பழைய ஆண்டுகள் தொடர்ந்திருக்கும். 18 ஆண்டு முடிந்ததும், ஓய்வுக்கு 5 ஆண்டு முன்பும் அலுவலகம் தகுதிப் பணிக்காலத்தைச் சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். ஓய்வு பெற்ற பின் பணிப்பதிவேட்டில் விடுபட்ட பக்கத்தைத் தேடுவது பெரும்பாடு.

2004-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு வேறு கணக்கு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர், பணியில் இறந்தால் பழைய விதிப்படி குடும்ப ஓய்வூதியம் வேண்டுமா, சேர்ந்த நிதி போதுமா என்பதைப் படிவத்தில் முன்கூட்டியே தெரிவிக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வுக்குப் பின் ஊழியர் இறந்தால் அவர் பெற்றுவந்ததில் 60 சதவீதம் துணைக்கு வரும். ஆனால் ஓய்வு பெற்ற நாளில் சட்டப்படி துணையாக இருந்தவருக்கு மட்டுமே. பழைய திட்டத்தில் ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கும் உரிமை உண்டு. ஓய்வூதிய ஆணையில் பெயரைச் சேர்த்தால் போதும். புதிய திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விவாகரத்து வழக்கு இன்னும் முடியாமல், 60 வயதுக்குப் பின் மறுமணம் செய்யும் எண்ணமும் உள்ளவர், வழக்கு முடியும் தேதியையும் தன் ஓய்வுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.