பெட் ஸ்கேன் எடுத்தாச்சே, பயாப்ஸி எதற்கு?

போன வாரம் எங்களிடம் பெட் ஸ்கேனுக்கு வந்தவர், இந்தக் கேள்வியோடு இந்த வருடத்தில் வந்த நான்காவது ஆள். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவர். கழுத்தில் நெறிகட்டி நான்கு மாதம் ஆகிறது. சாயங்காலமானால் காய்ச்சல், எடையும் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் பார்த்த இடத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யாமலே, டிபியாகத்தான் இருக்கும் என்று மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் மளமளவென்று இறக்கிவிடும். இறக்கியது. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டு மடங்கானது. கட்டி அப்படியே இருந்தது.

பெட் ஸ்கேனில் கழுத்து நெறிகள், வயிற்று நெறிகள், சிறுகுடலில் ஓரிடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. திரையைப் பார்த்த மகன் கேட்டார்: "இதுலயே தெரிஞ்சிடுச்சே சார், அப்புறம் எதுக்கு பயாப்ஸி?"

இந்தக் கேள்விதான் என்னை அலுக்க வைக்கிறது. படித்தவர்களும் கேட்கிறார்கள். பெட் ஸ்கேனுக்கு நாங்கள் போடும் ஊசியில் இருப்பது, கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த ஒரு சர்க்கரை. எந்தத் திசு அதை அள்ளித் தின்கிறதோ அது ஒளிரும். புற்றுநோய் தின்னும். காசநோய் நெறியும் தின்னும். பூஞ்சைத் தொற்று, ஆறாத ஆபரேஷன் காயம், எல்லாம் தின்னும். மூளையும் இதயமும் எந்த நோயும் இல்லாமலே தின்னும். போன வருடம் இதே போன்ற படத்தோடு வந்த இன்னொருவருக்கு பயாப்ஸியில் காசநோய் என்று வந்தது. இரண்டு பேரின் படங்களையும் பெயரை மறைத்துப் பக்கத்தில் வைத்தால், இருபது வருடமாக இதே வேலை செய்யும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் எஸ்யூவி (திசு எவ்வளவு சர்க்கரை தின்றது என்பதன் அளவு) 14 என்று இருக்கிறது, அப்படியென்றால் கேன்சர்தானே என்று போனில் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த எண் நோயின் பெயரைச் சொல்லாது. எந்த நெறியை எடுத்தால் சரியான விடை கிடைக்கும் என்று சர்ஜனுக்குக் காட்டிக்கொடுக்கும். அதற்காகத்தான் ஸ்கேன்.

போன வாரம் வந்தவருக்கு பயாப்ஸியில் வந்தது பிடிஎல்டி. உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளால் கடிவாளம் தளர்ந்து, நிணநீர் செல்கள் கண்டபடி பெருகும் நோய். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் பல நேரம் தூண்டிவிடுகிறது. அந்த வைரஸை அதுவரை சந்திக்காத குழந்தைக்கு, வைரஸ் உள்ளவரின் உறுப்பைப் பொருத்தினால் ஆபத்து இன்னும் அதிகம்.

1984-லேயே உறுப்பு மாற்று சர்ஜன் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர், அடக்கும் மருந்தைக் குறைத்ததும் இந்தக் கட்டிகள் சுருங்கியதை எழுதிவிட்டார்கள். இன்றும் பெரும்பாலும் முதல் படி அதுதான். பிறகு தேவைப்பட்டால், பெருகும் நிணநீர் செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து, கீமோ. எது, எப்போது என்பது பயாப்ஸியில் வரும் வகையைப் பொறுத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பொருத்திய சிறுநீரகத்தையே இழக்க நேரிடும்.

ஊசி குத்தினால் கட்டி பரவும் என்று பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த நோய் அப்படிப் பரவாது. முடிந்தவரை முழு நெறியையே எடுக்கச் சொல்லுங்கள், மெல்லிய ஊசியில் உறிஞ்சும் நாலு செல் இந்த நோய்க்குப் போதாது. அதற்கு முன் ஸ்டீராய்டைக் கூட்டிவிட்டால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி விடையே மங்கிவிடும். இது என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஸ்கேனுக்கு வரும்போது ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். காபி கூடாது, 'சர்க்கரை இல்லாத காபிதான்' என்றாலும் கூடாது. டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் வரச் சொல்லிவிடுவோம். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடலே ஒளிரும், குடலில் உள்ள கட்டி அதில் மறைந்துவிடும்; எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். தலைவலி, வலிப்பு, தடுமாற்றம் இருந்தால் சொல்லுங்கள், மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ வேண்டும்.

அப்புறம், பழைய ஸ்கேன்களின் ரிப்போர்ட் மட்டும் போதாது. படங்கள் பதிந்த சிடி டிஸ்க்கையும் எடுத்து வாருங்கள்.