வாய்க்கால் கரைக்கு எதற்குங்க ஷாக் வைத்த சைக்கிள்?

இந்த மாதத்தில் என் சைக்கிள் பட்டறைக்கு இப்படி ஒரு சைக்கிள் வருவது இது நான்காவது. மில் வேலைக்குப் போகிற ஒரு அம்மிணி, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத சைக்கிளை நேற்றுத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மூன்று விரல் அகலத்தில் கட்டை போட்ட டயர், 21 கியர். "மிதிக்கவே முடியலைங்கண்ணா, முட்டி விண்விண்ணுனு வலிக்குது, மறுபடியும் பஸ்ஸுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்கிறார். தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன், 18 கிலோ. ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் தினம் ஏழு கிலோமீட்டர் போகிறவர் தலையில் இதைக் கட்டியவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"கியர் இருந்தா லேசா இருக்கும்னாங்களே?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கியர் எடையைக் கூட்டும், குறைக்காது. அது மேடு ஏறத்தான். திம்பம் மலைப்பாதை ஏறுகிறீர்களா, பர்கூர் மலைக்குப் போகிறீர்களா, சரி, வாங்குங்கள். தண்ணீர் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் மேட்டையெல்லாம் சுற்றி வளைத்து வளைத்து வெட்டிய வாய்க்காலின் கரையில் ஏறுவதற்கு மேடு ஏது? கீழ்பவானி வாய்க்காலும் 200 கிலோமீட்டர் அப்படியேதான் போகிறது. 21 கியரில் அந்த அம்மிணி தொட்டது இரண்டே இரண்டு.

அப்புறம் அந்த ஷாக். மலிவு சைக்கிளில் அது மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல், நீங்கள் மிதிக்கும் மிதியில் பாதியைத் தானே அமுங்கி வாங்கிக்கொள்கிறதோ என்று தோன்றும்.

எடையை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். சமதரையில் உருள ஆரம்பித்துவிட்டால் இரண்டு கிலோ கூடுதல் பெரிதாகத் தெரியாது. ஆடு மாடு குறுக்கே வந்து நின்று நின்று கிளம்பும்போதும், வாசல் படியேற்றும்போதும்தான் தெரியும். அப்பா காலத்துப் பெரிய சைக்கிள் 20 கிலோ இருக்கும், ஆனாலும் உருண்டது, ஏனென்றால் சக்கரம் பெரிது, டயர் ஒல்லி, காற்று கல் மாதிரி. இந்த அம்மிணியின் டயரில் காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ., பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதோ 40 முதல் 65. வாரம் ஒரு தடவை காற்றடியுங்கள், தயவுசெய்து.

வாங்கினால் ஷாக் இல்லாத ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர், ஒற்றைக் கியர் அல்லது பின்னால் மட்டும் ஏழு. 12, 13 கிலோவில் கிடைக்கிறது. கடையிலேயே ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். லேசு வேண்டுமென்று ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயருக்குப் போகாதீர்கள், மழை பெய்த மண்ணில் அது புதையும், கருவேல முள்ளுக்கும் தாங்காது. கேரியரையும் மட்கார்டையும் கழற்றாதீர்கள், டிபன் பையை ஹேண்டிலில் மாட்டினால் திருப்பம் இழுக்கும்.

அவருக்குக் கட்டை இல்லாத டயர் மாற்றி, சீட்டை நாலு விரல் உயர்த்திவிட்டேன். முட்டி வலிக்குப் பாதிக் காரணம் அந்தத் தாழ்ந்த சீட்தான். சைக்கிளில் விளக்கும் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு ஒன்று மாட்டாமல் போகவே வேண்டாம் சாமி, கரைக்குத் தடுப்புச் சுவர் கிடையாது, தண்ணீர் விட்ட நாளில் ஒரு முழம் தள்ளினால் வாய்க்கால்தான்.